புல்லில் இறங்குகிறவளுக்கு

பவி,

சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் தொடங்கினேன். குக்கர் சத்தம் போட்டது, எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் எழுதியிருந்தது பிடிக்கவில்லை. பால்கனிக்குப் போனேன், அங்கே வெயில். இப்போது உன் பழைய அறையில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் எழுதுகிறேன். ஒரு வாரமாக இப்படித்தான். துவைத்த திரைச்சீலையை மறுபடியும் துவைக்கிறேன். காய்கறி வாங்கப் போய் அல் குசைஸ் கடைத்தெரு முழுவதும் சுற்றிவிட்டு வெறும் கையோடு வருகிறேன். "உனக்கு என்ன, கால்ல சக்கரம் கட்டியிருக்கா?" என்று உன் அப்பா கேட்டார். என்னைச் சொல்ல வந்துவிட்டார். அவரோ ஒரு வாரமாக போனில் ஒன்றையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மலைச் சரிவில் பாய் விரித்தது போலக் கிடக்கும் புல் ஓடுபாதைகள், அவற்றில் வந்து இறங்கும் சின்ன விமானங்கள். நேற்று டீயைக் கையில் வாங்கிக்கொண்டே, "மேட்டைப் பாத்து இறங்கணுமாம், பள்ளத்தைப் பாத்து ஏறணுமாம். ஒரே பக்கம்தான். திரும்ப யோசிக்கவே முடியாதாம்" என்றார்.

போன வாரம் நீ ஆஸ்திரேலியாவிலிருந்து போன் செய்தது மூச்சு விடாமல் பேசி முடிக்கத்தான். "அம்மா, பைலட் வேலை கிடைச்சிருச்சு. பப்புவா நியூ கினி. மலைக்குள்ள சின்னச் சின்ன ஊர், ரோடே கிடையாது, ஃப்ளைட்தான். எல்லாம் புல் ஸ்ட்ரிப். அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பறேன். ப்ளீஸ், சீன் போடாத." நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன், வேண்டாம் என்று. யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. அதற்கு நீ கேட்டாயே ஒரு கேள்வி. "அன்னைக்கு வராத, போன்னு சொன்ன. இப்ப போகாதங்கற. நான் எங்கதாம்மா இருக்கணும்?" கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். அந்தக் கேள்விதான் என்னை உட்கார விடாமல் சுற்ற வைக்கிறது. பதில் தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்குத் தெரியாமல் இந்த வாரத்தில் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் உன்னைக் கிளம்ப விட முடியாது.

எங்கே இருக்கவேண்டும் என்று நம் வீட்டில் யாருக்குத்தான் தெரிந்திருக்கிறது? நீ பிறந்தது ஃபஹாஹீலில். நடக்கப் பழகியது அங்கே கடற்கரை ஓரத்து நடைபாதையில். பள்ளியில் சேர்ந்தது தோஹாவில், நஜ்மா பகுதியில் நாம் இருந்த அந்த மாடி வீட்டிலிருந்து. அப்பாவின் கம்பெனிக்கு எந்த ஊரில் சைட் கிடைத்ததோ அந்த ஊர் நமக்கு ஊர். ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "யல்லா, கிளம்பலாம்" என்பார். நீ யாரோடு விளையாடிக்கொண்டிருந்தாய், எந்த டீச்சர் உனக்குப் பிடித்திருந்தார், எதுவும் கணக்கில் வராது. அதனால்தானோ என்னவோ, எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்போம். எப்படியும் மறுபடி கட்டத்தானே போகிறோம் என்று. அந்தப் பழக்கத்தை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. எந்த மலையில் போய்த் தங்கினாலும் முதல் நாளே எல்லாத் துணியையும் எடுத்து மடித்து வை. சுவரில் ஆணி அடி. ஆறு மாதத்தில் கிளம்புவதாக இருந்தாலும் அடி.

துபாய்க்கு வந்த பிறகு நான் தேராவில் ஒரு வியாபார நிறுவனத்தில் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்தேன். அது மூடப்பட்டபோது, பண்ணை ஒன்றில் ஆபீஸ் வேலைக்கு ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். அல் தைத் ஊரைத் தாண்டி, மலை தெரிகிற பக்கம். மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனப்புல் வளர்க்கிற பண்ணை. நான் மாட்டுக்கொட்டகையை எதிர்பார்த்துப் போனேன். போய் இறங்கினால், சுற்றிலும் மணல், நடுவே பச்சை வயல், வயலுக்கு நடுவே நீளமாக, ஒட்ட வெட்டிய புல்லில் ஒரு ஓடுபாதை. ஓரத்தில் கம்பத்தில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை ஆடிக்கொண்டிருந்தது. தகரக்கூரைக்கு அடியில் இரண்டு சின்ன விமானங்கள், வெயிலுக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி. பண்ணை முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவருக்கு விமானம் ஓட்டுவதில் பைத்தியம். தாரில் இறங்கப் பிடிக்காது. தார் உதைக்கும், புல் வாங்கிக்கொள்ளும் என்பார்.

ஒரு கண்டெய்னரில் ஏசி போட்டு அதுதான் ஆபீஸ். கொஞ்ச நாளில் போனோடு ரேடியோவும் என் கைக்கு வந்தது. அர்பாப் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். நான் அங்கே பெரிய விமான நிலையத்துக் கோபுரத்தில் இருப்பவர்களைப் போல இல்லை என்பது உனக்கே தெரியும். இறங்கு என்றோ இறங்காதே என்றோ சொல்ல எனக்கு உரிமை கிடையாது. என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு மேலே இருப்பவருடையது. அர்பாப் முதல் நாளே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "நீ கண். கை இல்லை. கலாஸ், அவ்வளவுதான்."

விடுமுறை நாட்களில் உன்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். வீட்டில் தனியாக விட மனசில்லாமல்தான். நீ அந்தப் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, விமானம் தலைக்கு மேல் போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். புல்லைப் பார்த்துக்கொள்ளும் முனியசாமி, பரமக்குடிப் பக்கத்துக்காரர், "பாப்பா, எந்திரி, புல்லு நசுங்குது" என்று மிரட்டுவார். நீ எழுந்திருக்க மாட்டாய். அர்பாப் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார். கல்லூரி முடித்ததும் நீ வேறு எமிரேட்டில் இருக்கும் பயிற்சிப் பள்ளிக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வந்தாய். அதன்பிறகு அவர் தன் சின்ன விமானத்தின் சாவியை உன்னிடம் தந்தபோது, நான் ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழத்தான். சந்தோஷமா பயமா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தப் பனிக்காலக் காலையைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. இன்று பேசிவிடுகிறேன்.

இருட்டு பிரிவதற்குள் பண்ணைக்கு வந்து சேர்ந்தோம். வானம் கழுவி வைத்தது போல இருந்தது. சூரியன் எழுந்ததும் நீ தனியாகக் கிளம்பினாய், மலை வரைக்கும் போய்த் திரும்புவதாக. அர்பாப் அன்று ஊரில் இல்லை. நான் டீ போட்டேன். முனியசாமி தன் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "பாப்பா வர்றதுக்குள்ள ஓடுபாதை நடுவுல உப்பிக் கெடக்குறத உருளை போட்டு அமுத்திட்டு வந்துர்றேன் அக்கா" என்று டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார். நான் பாத்திரத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். வேலியைக் காணவில்லை. தண்ணீர் பாய்ச்சிய வயலிலிருந்து மூடுபனி எழுந்து, தரையோடு தரையாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. முதலில் வேலி, அப்புறம் காற்றுப்பை, அப்புறம் ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்த என் கார். வெயில் ஏற ஏறப் பனி விலகும் என்றுதான் நினைத்தேன். அது இன்னும் கெட்டியானது. டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முனியசாமியின் போனுக்கு அடித்தேன். அந்த இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கும்? வெளியே நின்று கத்தினேன். என் குரல் பஞ்சுக்குள் கத்தியது போல அங்கேயே அமுங்கிப் போனது.

அப்போதுதான் ரேடியோவில் நீ வந்தாய். படித்த முறைப்படி ஆங்கிலத்தில் தொடங்கினாய். நானும் முறைப்படியே பதில் சொன்னேன். பனி மூடிவிட்டது, ஓடுபாதை எனக்குத் தெரியவில்லை, டிராக்டர் உள்ளே இருக்கிறது, இடம் தெரியாது. நீ உடனே தமிழுக்கு மாறிவிட்டாய்.

"அம்மா, மேலேருந்து நல்லாத் தெரியுது. நேரா கீழ பாத்தா புல்லு தெரியுது. உன் கார் கூடத் தெரியுது."

"எனக்குத் தெரியல பவி. கார் எனக்கு எட்டுற தூரத்துல இருக்கு, அதுவே தெரியல."

"டிராக்டர் ஒண்ணும் காணோமே. ஒரு தடவை ட்ரை பண்றேன்."

"கடற்கரைப் பக்கம் தெளிவா இருக்கும். அங்க இருக்குற தார் ஓடுபாதைக்குப் போயிடு. எண்ணெய் இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா அங்க நான் தனியா போனதே இல்லம்மா. ரேடியோல வேகமா பேசுவாங்க. எனக்கு பயமா இருக்கு. நான் இங்கயே வந்துடறேன்."

நேராகக் கீழே பார்த்தால் தெரிவது, இறங்க விமானத்தின் முகத்தைத் திருப்பியதும் மறைந்துவிடும் என்று அர்பாப் எத்தனையோ பேரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதை விளக்க நேரமில்லை. இன்ஜின் சத்தம் மாறுவது கேட்டது. உனக்கு உத்தரவிட எனக்கு உரிமை இல்லை என்பதும் அந்த நொடியில் ஞாபகம் இருந்தது, அதுதான் வேடிக்கை. பொத்தானை அழுத்தினேன். "வராத. பவி, இங்க வராத. போ."

நம் வீட்டில் யாரையும் யாரும் வெறும் 'போ' என்று சொன்னதில்லை. கடைக்குப் போகிறவனிடம்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்வோம். எனக்குச் சேர்த்துச் சொல்ல நேரம் வரவில்லை, அல்லது நாக்கு வரவில்லை. ஒரு பெரிய இரைச்சல் கேட்டது, கண்டெய்னரின் தகரம் அதிர்ந்தது, பிறகு சத்தம் தேய்ந்து தேய்ந்து தூரம் போனது. நீ திரும்பிப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோவைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றேன். பனியிலிருந்து முதலில் விளக்கு, பிறகு டிராக்டர், பிறகு அதன்மேல் முனியசாமி வந்தார். முகம் வெளுத்திருந்தது. குளிர் என்றார். நெடுநேரம் கழித்து போன் அடித்தது. "இறங்கிட்டேன்" என்றாய். உடனே வைத்துவிட்டாய். பனி விலகி நீ மதியம் திரும்பி வந்தபோது என் பக்கம் பார்க்காமல் நேராக முனியசாமியிடம் போனாய். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். ஷார்ஜா நெரிசலில் நிற்கும்போது மட்டும், "வேற அம்மாவா இருந்தா பாத்து வான்னு சொல்லியிருப்பாங்க" என்றாய். நான் வண்டியை ஓட்டினேன். அந்த வருடமே நீ விமானப் படிப்பை மேலே தொடர ஆஸ்திரேலியாவுக்குப் போனாய்.

அந்த வார்த்தைக்காக நான் என்றும் வருத்தப்பட்டதில்லை, பவி. திரும்ப அதே காலை வந்தாலும் அதையேதான் சொல்வேன். நீ அதை மனதில் வைத்திருக்கிறாயே என்றுதான் வருத்தம். உனக்கு என்மேல் கோபம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

உன் வேலையைப் பற்றி முனியசாமியிடம் சொன்னேன். மலை, புல், சரிவு என்று எல்லாம் சொன்னேன். அவர் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "பாப்பா போகட்டும்க்கா. அது பயந்து பாத்துருச்சு. இனிமே தப்புப் பண்ணாது" என்றார். எப்போது பயந்தாள் என்று கேட்டேன். வாயை விட்டுவிட்டோமே என்று அவர் முகத்தில் தெரிந்தது. விடவில்லை நான்.

"என்னத்தச் சொல்ல. அன்னைக்கி அந்தப் பனியில நான் உருளையை இழுத்துக்கிட்டு நடுவுல வர்றேன். தலைக்கு மேல இருட்டுச்சு. நிமிந்து பாத்தா சக்கரம், அக்கா. ஒரு ஆள் ஒசரம் மிச்சம் இருக்கும். டிராக்டர்லேருந்து குதிச்சுக் குப்புற விழுந்துட்டேன். மண்டையில எறங்கப்போகுதுன்னு கண்ண மூடிக்கிட்டேன். அப்பிடியே தூக்கிக்கிட்டு மேல போயிருச்சு. ஏன் போச்சு, எப்பிடிப் போச்சு, அப்ப ஒண்ணும் வெளங்கல."

மதியம் நீ வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாயாம். "மாமா, உங்களக் கொன்னுருப்பேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க. நான் கீழ வந்துட்டேன், ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளை. அம்மா போன்னு கத்துனாங்க, இழுத்துட்டேன்." சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். இத்தனை வருடம் அந்த மனிதர் அதைக் காப்பாற்றியிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, "பாப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றார். அதைத்தான் இப்போது நான் மீறிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதைக் கேட்டதும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதை முதலில் திட்டிவிடுகிறேன். நீ இறங்கத் தொடங்கியது தப்பு. தெரியாததைத் தெரிகிறது என்றாய், பயத்தை மறைக்க வீட்டுக்கு வரப் பார்த்தாய். வீடு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக யாரும் குருட்டுத்தனமாக இறங்கக்கூடாது. ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு எனக்கு வேறு ஒன்று பிடிபட்டது. உன்னைப் பிடிவாதக்காரி என்று நினைத்துத்தான் வளர்த்தேன். ஒன்றை நினைத்துவிட்டால் யார் சொல்லியும் கேட்க மாட்டாய் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் குறைப்பட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைதான், பாதி வழி இறங்கிவிட்ட பிறகு, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள், ஏன் என்றுகூடக் கேட்காமல், காதில் விழுந்த ஒரு சொல்லுக்காக மேலே ஏறியிருக்கிறாள். அதற்குப் பிறகு, பயந்த இடத்துக்குத் தனியாகப் போய் ஒழுங்காக இறங்கியும் இருக்கிறாள். அந்தச் சக்கரம் ஏன் மேலே போனது என்பது எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று சொன்னேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போய் வேலையில் சேர்.

இன்னும் ஒன்று நடந்தது, சொன்னால் சிரிப்பாய். இத்தனை வருடம் அந்தப் புல்லின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தும் நான் ஒரு தடவைகூட அந்தச் சின்ன விமானத்தில் ஏறியதில்லை. அர்பாப் கூப்பிடும்போதெல்லாம் போன் வரும், வேலை இருக்கிறது என்று தப்பித்துக்கொள்வேன். இன்று காலை நானே அவரிடம் போய், என்னை மேலே கூட்டிப்போங்கள் என்றேன். தாடியைத் தடவிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போதா? யல்லா!" என்று என்னைவிட அவசரமாக நடந்தார். ரேடியோவை முனியசாமியின் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். புல்லில் ஓடும்போது எலும்பெல்லாம் குலுங்கியது. திடீரென்று குலுக்கல் நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது எங்கள் கண்டெய்னர் தீப்பெட்டி அளவில் கீழே இருந்தது. பச்சை வயல், நடுவே நகம் கீறியது போல ஓடுபாதை. நீ அன்று பார்த்தது இதைத்தான். மேலேயிருந்து பார்க்கும்போது எல்லாமே மிகச் சுலபமாகத்தான் தெரிகிறது. உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அர்பாப் ஒரு பெரிய வட்டம் அடித்துவிட்டு, பேசு என்று என்னிடம் பொத்தானைக் காட்டினார். நான் பேசினேன். முனியசாமிக்கு ஆங்கிலமும் முறையும் எதுவும் வராது. கொஞ்ச நேரம் கரகரவென்று இருந்தது. அப்புறம், "அக்கா, கேக்குதா? நான் நல்லா நடந்து பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. வாங்க" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காக அங்கே ஒருவர் வெயிலில் நடந்திருக்கிறார் என்பது எனக்கு மேலே இருக்கும்போதுதான் உறைத்தது. நான் அழுவதைப் பார்த்து அர்பாப் பயந்துபோய், இறங்கிவிடலாமா என்று கேட்டார். இன்னொரு சுற்று போகலாம் என்றேன்.

பவி, நீ போகும் மலையூர்களிலும் ஓடுபாதை ஓரத்தில் யாராவது நிற்பார்கள். ஒரு கடைக்காரி, ஒரு நர்ஸ், மாடு மேய்ப்பவர், யாரோ ஒருவர். ரேடியோவைத் தலைகீழாகக்கூடப் பிடித்திருப்பார்கள். அவர்கள் வரவேண்டாம் என்றால் வாதாடாதே. வா என்றால் இறங்கியதும் பெட்டிகளை இறக்குவதற்கு முன்னால் அவர்களிடம் போய்ப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடு.

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அப்பாவுக்கு அடுத்த வருடம் வேலை முடிகிறது. ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று எங்களுக்கே தெரியவில்லை. இரவில் இரண்டு பேரும் பேசிப் பேசி, விடிந்ததும் மாற்றிக்கொள்கிறோம். நீ எங்கே இருக்கவேண்டும் என்று இந்த லட்சணத்தில் நான் எப்படிச் சொல்ல? தெரியாமலே இருக்கப் பழகிக்கொள்ளலாம், மூன்று பேருமாக.

இதை இன்றே போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிடு. வீடியோவில் கூப்பிடு, அப்பாவும் பக்கத்தில்தான் இருப்பார், ஓடுபாதைச் சரிவைப் பற்றி அவருக்கு உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன். நீ மட்டும் போனை வைத்துவிடாதே.

அம்மா